துடைக்காத கண்ணாடி

கண்ணாடி அக்காவுக்கு எங்கள் மையத்தில் கொடுத்திருந்த வேலை துடைப்பது. தரையை இல்லை, தரைக்கு வேறு ஆள் உண்டு. அக்கா துடைப்பது தொடுதிரைகளை. பார்வைக் குறைபாடுள்ள சின்னக் குழந்தைகள் விரலால் தொட்டுப் பழகுகிற, ஆளுக்கொன்றான ஒன்பது டேப்லெட்டுகளை, ஒவ்வொரு குழந்தையும் எழுந்து போன பிறகு, பளிச்சென்று துடைத்து அதனதன் பையில் போட்டு வைக்க வேண்டும். நான்கு வருடமாக அந்த வேலையில் அவர் ஒரு குறை வைத்ததில்லை. அப்புறம் ஒரு தடவை, மூன்று நாள், ஒரே ஒரு கண்ணாடியை வேண்டுமென்றே துடைக்காமல் விட்டார். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் அந்த மையத்தின் பயிற்சி டீச்சர். இதில் நல்ல பெயர் எடுக்கப்போவது நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான ஆள். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. இடுப்பில் எப்போதும் இரண்டு துணி செருகியிருக்கும், ஒன்று ஈரம், ஒன்று உலர்ந்தது. காலையில் எட்டரைக்கு வந்தால் இரண்டு மணிக்குக் கிளம்பும் வரை பத்து வார்த்தை பேசினால் அதிகம். "வீட்டிலயாவது பேசுவீங்களா அக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "வீட்டுல பேச்சு மொத்தத்தையும் எங்க வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்துட்டார் டீச்சர்" என்றார். அவர் கணவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கத்திப் பழகிய தொண்டை, நாற்காலியில் உட்கார்ந்ததும் சும்மா இருக்குமா?

ஆனால் அக்கா இப்படி வாய்க்குப் பூட்டுப் போட்டதற்குக் காரணம் கணவர் இல்லை. எங்களிடம் வருவதற்கு முன் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். பழுது பார்க்க வரும் கண்ணாடிகளைக் கழுவித் துடைத்துக் கொடுப்பது அவர் வேலை. அத்தனை வருடம் பிறத்தியார் கண்ணாடியைக் கையில் வைத்திருந்தால் சில விஷயங்கள் தானாகத் தெரிய வரும் போலிருக்கிறது. இவர் படுத்துக்கொண்டு படிக்கிறவர், இவர் சமைக்கும்போது கழற்றுவதில்லை, இவர் ராத்திரி அழுதிருக்கிறார் என்று கறையைப் பார்த்தே சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்றால் தனக்குள்ளே. ஒரே ஒரு தடவை வெளியே சொன்னார். அச்சகத்தில் பிழை திருத்தும் ஒருவரின் கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் இடது ஓரத்தில் சுவர்ச் சுண்ணாம்பும் கதவு வண்ணமும் கீறல்களும் இருந்தன. "இந்தப் பக்கம் உங்களுக்குச் சரியாத் தெரியலைன்னு நினைக்கிறேன் சார், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் குதித்திருக்கிறார். கடைக்காரர் வாடிக்கையாளர் முன்னாலேயே, "துடைக்கிறவ துடைக்கணும். வைத்தியம் பாக்க வேற ஆளு இருக்கு" என்று சொல்லி, அந்த வாரமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

"அப்புறம் அந்த ஆளுக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"தெரியாது டீச்சர். அதுதான் இன்னும் உறுத்துது."

எங்கள் மையம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. படியேறினால் நீண்ட நடை, நடையின் கடைசியில் ஒரு பெரிய சன்னல். நடுவில் என் பயிற்சி அறை. அதன் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருப்போம். மேசை கறுப்பு, சுவர் கறுப்பு, நான் போட்டுக்கொள்ளும் மேலங்கியும் கறுப்பு. முதல் தடவை உள்ளே வரும் பெற்றோர் நிலைப்படியிலேயே தயங்குவார்கள். குழந்தையைக் கொண்டுபோய் இருட்டில் வைக்கிறார்களே என்று நினைப்பார்கள். காரணம் எளிது. இந்தக் குழந்தைகளில் பலருக்குக் கண் கெட்டுப்போகவில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழியில்தான் கோளாறு. நிறைய பொருள் ஒன்றாக இருந்தால் அவர்களுக்கு எல்லாம் கலங்கிப் போய்விடும். சுற்றிலும் இருட்டாக்கி, கறுப்புத் திரையில் ஒரே ஒரு பிரகாசமான பொருளை மெல்ல அசைய விட்டால், எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் பார்வை கொஞ்சம் எழுந்து வரும். முதலில் கண் திரும்பும். பிறகு கை நீளும். விரல் பட்டதும் மணி அடிக்கும், அந்தப் பொருள் சிதறிப் பூவாக விரியும். தான் தொட்டதால்தான் அது நடந்தது என்று குழந்தைக்கு விளங்குகிற நாள் ஒன்று வரும். அந்த நாளுக்கு அப்புறம் அவர்கள் தவழ்வதும் நிற்பதும் கேட்பதும் எல்லாம் வேகம் பிடிக்கும். இதை நான் என் கண்ணால் பல தடவை பார்த்திருக்கிறேன். இப்போதும் நம்புகிறேன்.

விரல் வியர்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகராது. அதற்காகக் குழந்தைகளின் விரல் நுனியில் துளி பவுடர் தடவிவிடுவோம். அதனால் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் கண்ணாடி முழுக்க மாவு சிந்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அக்கா அதை எடுத்துக்கொண்டு நடைச் சன்னலுக்குப் போவார். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து ஒரு தடவை பார்ப்பார். அப்புறம் துடைப்பார். எதற்குப் பார்க்கிறார் என்று நான் கேட்டதில்லை. அழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மஞ்சக்குட்டி எங்களிடம் வந்தபோது அவளுக்கு இரண்டே முக்கால் வயது. பிறந்ததும் தலையில் நீர் கோத்துக்கொண்டதால், அந்த நீர் வடிய ஒரு மெல்லிய குழாயைத் தலையிலிருந்து தோலுக்கு அடியிலேயே வயிறு வரை வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் தடவினால் அது கயிறு மாதிரி தட்டுப்படும். கையை இறுக்க மூடிக்கொண்டு, எதற்கும் திரும்பாமல், அம்மாவின் தோளில் மூட்டை மாதிரி கிடப்பாள். முதல் நாள் திரையில் சிவப்புப் பந்து காட்டினேன், ஒன்றுமில்லை. பச்சை, நீலம், ஒன்றுமில்லை. மஞ்சள் பந்தை விட்டேன். என் மடியில் இருந்த குழந்தை மூச்சை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. மூடிய கை மெல்லத் திறந்தது. நாலு தடவை தவறி, ஐந்தாம் தடவை அந்த விரல் பந்தைத் தொட்டது. மணி அடித்தது. இருட்டில் அவள் அம்மா விசும்பும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவள் மஞ்சக்குட்டி. இரண்டு மாதத்தில் வீட்டில் மஞ்சள் வாளியைப் பார்த்துத் தவழ்ந்து போனாள். நான் மஞ்சள் துண்டை ஆட்டினால் சிரித்தாள். ஒரு நாள் திரையில் பந்து வருவதற்கு முன்பே "பந்" என்றாள். அவள் அம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவள், துணிக்கடையில் மடிக்கிற வேலை. பயிற்சி முடிந்ததும் படிக்கட்டில் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே தினமும் ஒரே கேள்வி கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை டீச்சர்?" இருபது பந்துக்கு எத்தனை பந்து தொட்டாள் என்று அர்த்தம். ஒன்பது என்பேன், பதினொன்று என்பேன். அந்த எண்ணை வாயில் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்குவாள்.

இப்போது அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேப்லெட்டில் பந்து விடுகிற ஆப்பின் அமைப்புகளில் 'உதவி' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டால், குழந்தை ஒரு பந்தைத் தவறவிட்டதும், அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு பந்தும் குழந்தையின் விரல் கடைசியாகப் பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வரும். திரும்பத் திரும்பத் தோற்றுக் குழந்தை மனம் விட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. முதல் ஒரு மாதம் மட்டும் போட வேண்டும், அப்புறம் அணைத்துவிட வேண்டும். நான் அணைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், அது பாதி உண்மை. பன்னிரண்டு பதினான்காகி, பதினான்கு பதினாறாகி, வரைபடத்தில் கோடு ஏணி மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைக் கை வைத்துக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. இது மீதிப் பாதி.

நான்காம் மாதத்தில் மஞ்சக்குட்டி கொஞ்சம் மாறினாள். தலையைக் குனிந்துகொண்டே உட்காருவாள். 'படிக்கிற பிள்ளை மாதிரி எவ்வளவு கவனம் பார்' என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சி பாதியில் கண் சொருகும். பேருந்தில் வந்த அலுப்பு என்று நினைத்தேன். "காலைல எந்திரிச்சதும் வாந்தி எடுக்கறா டீச்சர்" என்றாள் அம்மா. "வெறும் வயித்துல கூட்டிட்டு வராதே" என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. 'பந்' என்று சொல்வது நின்றுவிட்டதை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. எண் பதினெட்டுக்கு வந்திருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் மற்ற இரண்டு டீச்சர்களும் அலுவலக அறையில் மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம். அக்கா கதவோரம் வந்து நின்றார். இடுப்புத் துணியைக் கையில் எடுத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கக்கா."

"மஞ்சக்குட்டி கண்ணாடியில மேல்பக்கம் விரலே படறதில்லை."

"என்னது?"

"முன்னாடியெல்லாம் புள்ளி கண்ணாடி பூரா இருக்கும். இப்ப கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. பாதிக்குக் கீழேதான் இருக்கு. மத்த பிள்ளைங்க கண்ணாடி அப்படி இல்லை."

நான் அறிக்கையிலிருந்து முகத்தை நிமிர்த்தவே இல்லை. "கை எட்டலைக்கா, அவ்வளவுதான். டேப்லெட் ஸ்டாண்டை இறக்கி வெச்சா சரியாயிடும்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வரைபடத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, "பதினெட்டு எடுத்திருக்கா, பாருங்க. நீங்க என்ன, ரேகை ஜோசியம் பாக்கறீங்களா?" என்றேன். மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா அந்தக் கோட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "நல்லா ஏறியிருக்கு" என்றார். துணியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கண்ணாடிக் கடையில் அவருக்கு நடந்தது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அந்தக் கடைக்காரர் சொன்னதைத்தான் நான் கொஞ்சம் படித்த பாஷையில் சொன்னேன்.

மறுநாள் ஸ்டாண்டைத் தாழ்த்தினேன். திரையின் அடிப்பக்கம் குழந்தையின் மடிக்கே வந்துவிட்டது. பந்து விரல் பட்ட இடத்துக்கே வந்துகொண்டிருந்தது, விரல் இறங்க இறங்கப் பந்தும் கூடவே இறங்கியது. இருபதுக்குப் பத்தொன்பது. வியாழன் பத்தொன்பது, வெள்ளி பத்தொன்பது. படிக்கட்டில் எண்ணைச் சொன்னபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பகல் பதினோரு மணிக்கு.

அடுத்த வாரம் சனிக்கிழமை, பயிற்சி முடித்துவிட்டு நான் கறுப்பு அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா என் அறைக்குள் வந்தார். கூப்பிடாமல் அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. கையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு டேப்லெட்.

"இதை நான் துடைக்கலை டீச்சர்" என்றார்.

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து துடைக்கலை. வேணும்னுதான் துடைக்கலை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு குழந்தையின் எச்சிலும் சளியும் பட்ட கண்ணாடியை மூன்று நாள் அப்படியே மறுபடி மறுபடி அந்தக் குழந்தை கையிலேயே கொடுத்திருக்கிறாரே என்று. "என்னக்கா இது, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று குரலை உயர்த்தினேன். அவர் குரல் உயரவில்லை.

"வேலையை விட்டு அனுப்பணும்னா அனுப்பிடுங்க டீச்சர். ஆனா ஒரு தடவை சன்னல்கிட்ட வந்து பாத்துட்டு அனுப்புங்க."

போனேன். அவர் துணியை விலக்கிக் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தார். மேலே முக்கால் பங்கு கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்தது மாதிரி இருந்தது. கீழே, ஓரத்தை ஒட்டி, நாலு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. மூன்று நாளும் அறுபது பந்தும் அந்தப் பட்டைக்குள்தான். அதிலும் பட்டையின் மேல்விளிம்பு மெலிந்து, அடிவிளிம்பு தடித்துக் கட்டியாகப் போயிருந்தது.

பந்து அங்கே வந்ததால் அவள் அங்கே தொட்டாள் என்பதில்லை. அவள் அங்கே மட்டும் தொட்டதால் பந்து அங்கே வந்திருக்கிறது. உதவிப் பொத்தான் நினைவுக்கு வந்தது.

"அம்மா போயிட்டாளா?"

"படியில செருப்பு மாட்டிட்டிருக்காங்க."

ஓடிப்போய்க் கூப்பிட்டேன். மறுபடி இருட்டறையில் குழந்தையை மடியில் வைத்து, உதவியை அணைத்து, மஞ்சள் பந்தைத் திரையின் மேற்பகுதியில் விட்டேன். குழந்தை அசையவில்லை. நடுவில் விட்டேன். அசையவில்லை. அடியில் விட்டேன். விரல் நீண்டது. மணி அடித்தது. நாலு மாதமாக நான் கேட்டுப் பூரித்த அந்த மணிச் சத்தம் அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்கு வந்து முகத்தை நிமிர்த்தினேன். இரண்டு கருவிழியும் பாதிக்கு மேல் கீழ் இமைக்குள் இறங்கியிருந்தன. மேலே வெறும் வெள்ளை. மஞ்சள் துண்டை நெற்றிக்கு மேலே ஆட்டினேன். அந்த விழிகள் ஏறவே இல்லை. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. இருட்டில், குனிந்த தலையில், எனக்கு அது தெரியவே இல்லை. தலையில் குழாய் வைத்த குழந்தைக்கு விழி இப்படி இறங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஆட்டோவில் குழந்தையின் தலையை அக்கா தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர் ஆச்சு? நேத்துகூட பத்தொன்பதுன்னு சொன்னீங்களே?"

நான் முன்னால் குனிந்து ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். "டீச்சர், பத்தொன்பதுன்னுதானே சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டாள். ஆஸ்பத்திரி வாசல் வரும் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழாய் அடைத்திருந்தது. ஒரே நாளில் அடைத்ததில்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. அன்று மதியமே அறுவை செய்து குழாயை மாற்றினார்கள். ஒரு நாள் தள்ளியிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று அறுவை டாக்டர் சொன்னார். அம்மா நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். நான் டாக்டரின் பின்னாலேயே போனேன்.

"பார்வை, டாக்டர்?"

"உள்ளே அழுத்தம் ஏறி ஏறிக் கண் நரம்பு நசுங்கியிருக்கு. போகப் போகத்தான் தெரியும்."

"பதினோரு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கேள்வியை என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுத் தொலைத்தால் பாரம் குறையும் என்ற சுயநலம்தான். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்க பதினோரு நாள் தள்ளினீங்க. நான் அதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் பாத்துட்டுச் சும்மா இருந்தேன் டீச்சர். சொன்னா இந்த வேலையும் போயிடுமோன்னு பயம். தெனமும் அதைப் பாத்துப் பாத்துத் துடைச்சேன்."

சொல்லிவிட்டு அழுதார். சத்தமே இல்லாமல் அழத் தெரிந்தவர் அவர். பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

மஞ்சக்குட்டி மறுபடி மையத்துக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. தலையில் ஒரு பக்கம் முடி மழித்து, தையல் போட்ட இடத்தில் தோல் பளபளவென்றிருந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. விழிகள் நடுவுக்கு வந்திருந்தன. வாந்தி இல்லை, பகல் தூக்கம் இல்லை. படியேறும்போதே அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "பழையபடி ஆயிட்டா டீச்சர்" என்றாள் அம்மா, வாயெல்லாம் பல்லாக. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்றியது என்ன, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஐந்து வாரமாக வேண்டாத தெய்வமில்லை.

அக்காவே புதுத் துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்தார். ஸ்டாண்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றினேன். உதவி அணைத்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒலியையும் அணைத்தேன், பந்து நகரும்போது வரும் சின்னச் சத்தம் வழி காட்டிவிடக் கூடாதே என்று. விரல்களில் பவுடர் தடவினேன். மஞ்சள் பந்தை விட்டேன்.

கை உடனே போனது. அந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. டப்டப்பென்று அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். மேலே போனாள், கீழே வந்தாள், நடுவில் தட்டினாள். இருபது பந்து முடிந்தது. திரையில் எண் வந்தது. நான்கு. நான்கு பரவாயில்லை, முதல் நாள் ஒன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். குழந்தையும் அம்மாவும் படிக்கட்டுப் பக்கம் போயிருந்தார்கள்.

"மேல இருக்கா அக்கா?"

"இருக்கு டீச்சர்."

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அக்கா கண்ணாடியைக் கீழே இறக்கவில்லை. இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"மேல இருக்கு. கீழ இருக்கு. நாலு மூலையிலயும் இருக்கு. பந்தே வராத ஓரத்துல, சட்டத்து மேலகூட இருக்கு."

"நல்லதுதானேக்கா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாத்துத் தொட்ட புள்ளி கூட்டங்கூட்டமா இருக்கும் டீச்சர், பந்து வந்த இடத்துல. இது அப்படி இல்லை. ஒரே அளவா எல்லா இடத்துலயும் இருக்கு. தேடியிருக்கா. பாக்கலை."

நான் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் இப்போது படிக்கத் தெரிந்தது. ஒரு இடம் விடாமல், வரிசை வரிசையாக, அந்தச் சின்ன விரல்கள் முன்பு அங்கே இருந்த ஒன்றைத் தேடித் தேடித் தட்டியிருந்தன. நாலு தடவை கை தானாகப் பந்தின் மேல் விழுந்திருக்கிறது.

நடையின் அந்தக் கோடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள், வழக்கம்போல.

"இன்னிக்கு எத்தனை டீச்சர்?"

நான்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணை முணுமுணுத்துக்கொண்டே அவள் படியிறங்கிப் போயிருப்பாள். நாளைக்கு ஐந்து என்றிருக்கலாம். பொத்தானைப் போட்டால் ஒரு வாரத்தில் பத்தொன்பதுகூடச் சொல்லலாம்.

"பிள்ளையைத் தூக்கிட்டு இங்க வாம்மா" என்றேன்.

அவள் வந்தாள். குழந்தை அவள் தோளில் தலையை நிமிர்த்தி, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, கண் கூசாமல் இருந்தது. அக்கா கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். துடைக்கும் துணி இரண்டும் அவர் இடுப்பிலேயே இருந்தன. அக்கா கதவோரம் வந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன்.